சாவி உடைந்தால் வண்டி யாருடையது?

தாம்பரத்தில் சாவி உடைந்தது, தொலைந்தது என்று யாரும் பதறியதில்லை. சண்முகம் சாலைப் பக்கம் போனால் ஆள் உண்டு. கேம்ப் ரோடு சந்திப்பில் உண்டு, குரோம்பேட்டையில் உண்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடவே வேண்டாம். ஒரு குடை, ஒரு ஸ்டூல், கம்பி வளையத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், பக்கத்தில் ஒரு சின்ன மெஷின். நூறோ நூற்றைம்பதோ கொடுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டுப் பூட்டு, பீரோ, ஸ்கூட்டர் எதுவானாலும் இதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பைக் சாவி உடைந்ததற்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

முடிச்சூர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் டேங்க் மூடியைத் திறக்கும்போது உடைந்தது. மழையும் புழுதியும் மாறி மாறிப் பட்டு அந்த மூடியின் பூட்டு கொஞ்ச நாளாகவே இறுகிப்போயிருந்தது. சாவியைத் திருப்பினேன், கழுத்தோடு முறிந்தது. கறுப்புத் தலை என் கையில், இரும்புத் தண்டு மூடிக்குள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, பங்க்கில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் காற்றடிக்கும் இடத்துக்கு வண்டியைத் தள்ள உதவினான்.

வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது போனதோடு அந்தச் சாவியும் போயிற்று. அப்போதே ஷோரூமில் கேட்டேன். "கையில ஒண்ணு இருக்குல்ல சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

சாவி போடுகிற அண்ணனுக்குப் போன் செய்தேன். எக்ஸ்எல் வண்டியில் பையை மாட்டிக்கொண்டு பங்க்குக்கே வந்துவிட்டார். அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ரம்பப் பிளேடை மெலிதாகத் தேய்த்து முனையில் கொக்கி வைத்த ஒரு கம்பியை எடுத்தார். பூட்டின் துவாரத்தில் எண்ணெய் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் துழாவி, முறிந்த தண்டை வெளியே இழுத்துவிட்டார். அதை வைஸில் பிடித்து, பையிலிருந்த வெட்டாத சாவிகளில் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெஷினில் ஓட்டி, முக்கோண அரத்தால் பிசிறு தேய்த்தார். டேங்க் மூடி திறந்தது. ஹேண்டில் லாக் போட்டுப் பார்த்தோம், எடுத்தது. சீட்டும் திறந்தது. மீட்டரில் விளக்கு வந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் மட்டும் எழும்பவில்லை. மீட்டரின் ஓரத்தில் சின்னதாய் ஒரு சாவிப் படம் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இனிமே என் கையில இல்ல சார்" என்றார். "சாவி நான் போட்டுத் தந்துடுவேன். சிப்புக்குக் கம்பெனிதான் போவணும்." பிறகு உடைந்த தலையை என்னிடமிருந்து வாங்கி, இக்னிஷன் துவாரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் புதுச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே உதையில் புறப்படுகிற மாதிரி உறுமியது.

அது ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் ஆற்றாமை அதிகமாயிற்று. சாவித் தலைக்குள் இருக்கும் அந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒரு காந்த அலையை அனுப்புகிறது. அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்கிறது. வண்டியின் கணினியான ஈசியூ அதைத் தன் நினைவில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் எஞ்சினுக்கு அனுமதி உண்டு, இல்லையென்றால் கிடையாது. ஸ்டார்ட் ஆன பிறகு சிப்பை எடுத்துவிட்டாலும் வண்டி ஓடும். ஆக, என் உடைந்த தலைக்குள் இருக்கும் சிப்புக்கு ஒரு குறையும் இல்லை. அதை வண்டிக்கும் தெரியும். இன்னொரு சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. அது ஒரு லேப்டாப்பைச் சொருகிச் செய்கிற வேலை. அந்த ஒரு வேலைக்குத்தான் இத்தனை அலைச்சல்.

ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் நடந்த பேச்சு இது.

"சாவி மட்டும் தனியா வராது சார். லாக் செட்டா வரும். இக்னிஷன், டேங்க் மூடி, சீட் லாக், எல்லாம் சேர்த்து."

"என் பூட்டு எதுவும் கெடவில்லையே. டேங்க் மூடியில கூட எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது."

"இரண்டு சாவியும் இல்லன்னா செட் மாத்துறதுதான் புரொசீஜர் சார். ஈசியூவும் மாத்த வேண்டியிருக்கலாம்."

"சிப் வேலை செய்கிறது. இதை வைத்துக்கொண்டே இன்னொன்றைச் சேர்க்க முடியாதா?"

"அது கம்பெனியில கேட்டுத்தான் சொல்லணும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஆர்டர் போட்டாத்தான் விலை தெரியும். அட்வான்ஸ் கட்டுங்க."

"எப்போது வரும்?"

"சொல்ல முடியாது சார்."

ஆர்சி நகல், ஆதார் நகல், சேசிஸ் எண்ணின் போட்டோ எல்லாம் கேட்டார்கள். கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வண்டி யாருடையது என்று பார்க்காமல் சாவி கொடுத்தால்தான் தப்பு. அட்வான்ஸும் கட்டினேன். அதற்குப் பிறகு போகிறபோதெல்லாம் ஒரு பதில். வேறு மாநிலத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வழியில் இருக்கிறது என்றார்கள். வந்தது வேறு மாடலுக்கானது என்றார்கள். சிப் பதிகிற மென்பொருளைக் கையாளத் தெரிந்தவர் இந்தக் கிளையில் இல்லை, வேறு கிளையிலிருந்து வருகிற நாளைச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் சொல்கிற செட்டும் ஈசியூவும் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும் என்று பிறகு தெரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கவுன்ட்டரில் நிற்கிற அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அதிகாரமும் இல்லை, தகவலும் இல்லை. மேலே கேட்கிறேன் என்பதைத் தவிர அவன் சொல்லக்கூடிய பதில் எதையும் யாரும் அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த நிலை ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை. யமஹாவின் சில வண்டிகளோடு, ஓட்டுவதற்கு இரண்டு சாவியும், புதுச் சாவியைப் பதிவதற்கென்றே சிவப்புத் தலையுள்ள ஒரு சாவியும் வரும். அந்தச் சிவப்புச் சாவி தொலைந்தபின் புதிதாக ஒரு சாவியைப் பதிய வேண்டுமென்றால் இம்மொபிலைசர் என்கிற இந்தச் சிப் பூட்டு ஏற்பாடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. கேடிஎம்மின் சில வண்டிகளில் அதே வேலையை ஆரஞ்சு நிறச் சாவி செய்கிறது. கையேட்டில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் டெலிவரி எடுக்கிற நாளில், மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுத்துச் சாவியைக் கையில் கொடுக்கிறவர்கள், "இது போனால் இவ்வளவு ஆகும், இத்தனை நாள் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்களா? ஹெல்மெட், எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங் என்று எதையெல்லாமோ விரித்துச் சொல்ல நேரம் இருக்கிறது. இதற்கு இல்லை.

சிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் காலையில் வண்டியை விட்டுவிட்டுப் பீச் ரயில் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும், சாயங்காலம் வண்டி அதே இடத்தில் இருக்குமா என்ற கவலை உண்டு. இம்மொபிலைசர் அந்தக் கவலையைக் குறைக்கிற நல்ல சாதனம். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். நெதர்லாந்துத் தரவுகளை வைத்து யான் வான் ஊர்ஸ், பென் வோலார்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததற்கு அது காரணம் என்று காட்டியது. அமெரிக்காவில் அந்தச் சாதனம் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை, 2021, 2022-இல் பதின்ம வயதுப் பையன்கள் ஒரு யுஎஸ்பி முனையை வைத்தே கிளப்பிக்கொண்டு போனதையும் உலகம் பார்த்தது. சிப் நன்மைதான். அந்தச் சிப்பைப் பதிகிற வேலையை ஒரே ஒரு கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, அந்தக் கதவையும் திறக்காமல் இருப்பதுதான் அக்கிரமம்.

அதன் விளைவு என்ன தெரியுமா? சாவி போடுகிற அண்ணன் சொன்னார்: "பாதிப் பேர் அலைய முடியாம என்கிட்டயே வந்துடறாங்க சார். உடைஞ்ச தலையைப் பிரிச்சு, சிப்பை எடுத்து, அந்தக் காயில் பக்கத்துலயே உள்ள வச்சு ஒட்டிக் குடுங்கன்றாங்க. ஒட்டிட்டா சாதா சாவியே போதும்." யோசித்துப் பாருங்கள். சிப் நிரந்தரமாக இக்னிஷனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால் ஈசியூ எப்போதும் சரி என்றுதான் சொல்லும். அந்தப் பாதுகாப்பு முழுவதும் அன்றோடு போயிற்று. பழைய முறையில் கள்ளச் சாவி போடவோ பூட்டை நெம்பவோ தெரிந்த யாரும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். நேர்வழியை அடைத்துவிட்டு, பாதுகாப்பு பாதுகாப்பு என்று பேசி என்ன பயன்? தங்கள் பொறியாளர்கள் பாடுபட்டுச் செய்த ஒரு சாதனத்தை, தங்கள் ஸ்பேர்ஸ் கவுன்ட்டரே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது என்பதை இந்த நிறுவனங்கள் உணர வேண்டாமா? நான் ஒட்டவில்லை. தலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஓட்டுகிறேன். ஜிஎஸ்டி சாலையில், பெருங்களத்தூர் நெரிசலில், மழையில், ஒரு கையில் சாவியும் மறு கையில் அந்தப் பிளாஸ்டிக் துண்டுமாக நிற்பது எவ்வளவு ஆபத்து என்று பின்னால் நிற்கிற பஸ் டிரைவரைக் கேட்டால் சொல்வார்.

இதற்கு மேல் இன்சூரன்ஸ் கவலை. வண்டி திருடு போனால் எஃப்ஐஆர், ஆர்சியோடு இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது இன்சூரன்ஸ் நிறுவனங்களின் வழக்கம். ஒன்று வெள்ளத்தில் போயிற்று, இன்னொன்று இரண்டு துண்டு. நாளை ஏதாவது ஆனால் நான் எதைக் காட்டுவேன்? சாவி போட ஆகும் தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அதன் பாரம் என் தலையில்.

சென்னையின் தெற்கே இருப்பவர்களுக்கு பைக் ஆடம்பரம் இல்லை. முடிச்சூரின் உள்தெருவிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எதில் போவது? ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் பெண், வேளச்சேரி மெயின் ரோட்டில் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நள்ளிரவில் வந்து இறங்குகிற அம்மாவைக் கூட்டிவரப் போகிற மகன், இவர்கள் யாருக்கும் வண்டி நின்றால் அன்றைய நாள் நின்றுவிடும். இருசக்கர வண்டிகளை லட்சக்கணக்கில் செய்து உலகத்துக்கு அனுப்புகிற தொழிற்சாலைகள் நமக்குத் தெற்கிலும் மேற்கிலும் அரை மணி, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. அந்த மண்டலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, விரல் நீளச் சாவி ஒன்று எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை என்றால் எப்படி மனசு ஆறும்?

பாதுகாப்புக் காரணமாகத்தான் வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்பார்கள். இந்த வாதத்தை நாடு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், ரிப்பேர் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்தத் தீர்ப்பின் நியாயம் எளிமையானது: வண்டியை வாங்கியவனை ரிப்பேருக்கும் தங்களிடமே கட்டிப்போடக் கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கென்று அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகளிலும் வாகனங்கள் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கான இணையதளமும் வந்தது. சண்முகம் சாலையின் குடைக்கு அதில் எதுவும் வந்து சேரவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் பூட்டு வேலை செய்பவர்களுக்கென்று ஒரு பதிவேடு நடக்கிறது. பின்னணியை விசாரித்து, உரிமம், காப்பீடு எல்லாம் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பவர், வண்டி இன்னாருடையது என்று ஆவணத்தைச் சரிபார்த்து எழுதிவைத்துவிட்டு, கார் நிறுவனத்திடமிருந்தே சாவிக் குறியீட்டை வாங்கிக்கொள்ளலாம். யார், எப்போது, எந்த வண்டிக்கு வாங்கினார் என்ற கணக்கு இருக்கும். தப்பு செய்தால் பிடிபடுவார். ரகசியமாக வைத்தால்தான் பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. மெகாமோஸ் என்ற கார் சாவிச் சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்த ஆய்வாளர்களின் கட்டுரையை, 2013-இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கி நிறுத்திவைத்தது. 2015-இல் கட்டுரை வெளிவந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டும் அந்தச் சிப்பின் பலவீனம் அப்படியேதான் இருந்தது.

கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதையை நம் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லிவிடுவார்கள். வண்டியை முழு விலைக்கு விற்றுவிட்டு, அதைக் கிளப்புகிற அனுமதியை மட்டும் தன் லேப்டாப்பில் வைத்துக்கொள்வது அதே வழக்குதான். ஆர்சியில் என் பெயர் இருக்கிறது. கடனை நான் கட்டினேன். சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் நான் கட்டுகிறேன். பிறகு இந்த வண்டிக்கு யாரிடம் சாவி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற உரிமை எனக்குத்தானே?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகச் சாவி வேண்டியவனை வழக்குக்கு அனுப்புவது தீர்வாகாது. தீர்வு சிக்கலானதும் இல்லை. சிப் சாவி வண்டி விற்கிற ஒவ்வொரு ஷோரூமிலும், ஒரு சாவிக்கு என்ன விலை, பதிவதற்கு என்ன கூலி, எத்தனை நாள் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். அந்த நாளைத் தாண்டினால் அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தரட்டும். கெடாத பூட்டையும் ஈசியூவையும் மாற்றச் சொல்வதை நிறுத்தட்டும். வேலை செய்கிற சிப் ஒன்று கையில் இருந்தால் அதை வைத்தே இன்னொன்றைச் சேர்க்கிற வசதியை ஒவ்வொரு கிளைக்கும் கொடுக்கட்டும். வெள்ளம், விபத்து, திருட்டு எதுவானாலும் சாவி போய்விடக்கூடும் என்பதை விற்கும்போதே எண்ணி, மூன்றாவது சாவி வாங்குகிற வாய்ப்பையும் கொடுக்கட்டும்.

முக்கியமாக, சாவி போடுகிறவர்களை நம்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முறிந்த தண்டை எடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு லேப்டாப் நிரலைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். தாம்பரத்துக்கென்று 2021-இல் மாநகராட்சி வந்தது, 2022-இல் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. மாநகராட்சியும் காவல் துறையும் சேர்ந்து, விசாரித்து, அடையாள அட்டை கொடுத்து, இந்தத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யட்டும். ஆர்சி பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிச் சாவி போடட்டும். நிறுவனங்கள் அவர்களுக்குக் கருவியையும் வெட்டாத சிப் சாவியையும் நியாய விலைக்கு விற்கட்டும். வேலை இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு தொழில் பிழைக்கும். சிப்பைக் காயிலோடு ஒட்டச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். வண்டிகள் உண்மையிலேயே பத்திரமாக இருக்கும். இந்தச் சீர்திருத்தத்துக்குத் தொழில்நுட்பம் தடையில்லை, சட்டமும் தடையில்லை. விற்றுவிட்ட வண்டிமேல் இன்னும் பிடி வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் தடை. அந்தப் பிடியை விடச் சொல்லி வாங்கியவர்கள் அனைவரும் கேட்க வேண்டும், வண்டி எடுக்கிற நாளிலேயே, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும்.